எந்தக் கண்ணாடி என்று யாரும் கேட்கவில்லை

மலையாளத்தில் கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னலில் பதிப்பது சில்லு. மூக்கில் மாட்டிக்கொள்வது கண்ணட. தமிழில் நமக்கு எல்லாம் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் கைமனம் பக்கம் வாடகைக்கு வந்த புதிதில், குளியலறையில் கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் அவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து அந்தச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். ஜன்னல் உடைந்தபடியே இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி நானும் கணவரும் சிரித்தோம். நாங்கள் சிரித்ததால் மகளும் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

அதே சொல்லால்தான் அவளுடைய இடது கண் போயிற்று என்று நான் சொன்னால் மருத்துவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கண் போனது நோயால். ஆனால் நோய் தொடங்கியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் நடுவே பள்ளியில் ஒரு பருவம் முழுக்க வீணாகப் போனதே, அது எதனால் என்று யாராவது என்னைக் கேட்டால், என்னிடம் இந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

நான் கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. கணவருக்குத் திருநெல்வேலியில் வங்கி வேலை. எனக்குக் கழக்கூட்டத்து மென்பொருள் வளாகத்தில் வேலை கிடைத்தபோது நாற்பது தாண்டியிருந்தது. நானும் மகளும் இங்கே, அவர் சனிக்கிழமை ரயிலில் வந்து திங்கள் விடிவதற்குள் திரும்பிவிடுவார். எங்கள் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் கல்லூரி முடித்துக் கொஞ்ச நாளே ஆனவர்கள். அத்தனை பேருக்கும் நான் சேச்சி.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் புகைப்படங்களைத் தொகுத்து வைக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அந்த வருடங்களில் திரையில் எல்லாமே கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும் என்று ஒரு மோகம் வந்தது. ஜன்னல்களின் விளிம்பு கண்ணாடியாக வேண்டும், பொத்தான்கள் கண்ணாடியாக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் கேட்டது பனி படிந்தது போன்ற கண்ணாடி. திரையில் ஒரு புகைப்படம் இருக்கும். அதன்மேல் ஒரு பலகை மிதந்து வரும். பலகைக்குப் பின்னால் படம் இருப்பது தெரிய வேண்டும், படத்தில் இருப்பது என்னவென்று தெரியக் கூடாது. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிகிற மாதிரி, ஆள் யாரென்று தெரியாத மாதிரி. அந்த மங்கலைச் செய்யும் பொறுப்பு என்னுடையது.

அதைச் செய்வது புரிந்துகொள்ளச் சுலபம். திரையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் நிறத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தோடு கூட்டிச் சராசரி எடுத்து, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும். அக்கம்பக்கம் என்பது எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து மங்கல் கூடும், குறையும். ஒரு தடவை செய்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதன்மேலேயே இன்னொரு தடவை, மூன்றாம் தடவை செய்தால் கட்டங்கள் கரைந்து மிருதுவாகும். பிறகு மேலே கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். அப்போதைய கணிப்பொறிகளுக்கு இது தாங்காது. பலகையை நகர்த்தினால் திரை திக்கித் திக்கி வரும். படத்தைக் கால்வாசியாகச் சுருக்கி, அதை மங்கலாக்கி, மறுபடி பெரிதாக்கிப் போட்டால் வேலை வேகமாகும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எப்படியும் மங்கல்தானே. இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கேக் வாங்கித் தந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகள் அப்போது நான்காம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறாள், ஆங்கிலத்தில் பி-க்குப் பதில் டி, மலையாள எழுத்துகளில் ஒன்றுக்கு இன்னொன்று என்றார். நல்ல மாதிரியான டீச்சர், என் வயதுதான் இருக்கும். பிள்ளையைத் திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்து எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்.

"கண்ணாடியில காணுன்ன போலயாணு எழுத்துன்னு மோள் தன்னெ பறஞ்ஞு," என்றார். கண்ணாடியில் தெரிவது போல என்று உங்கள் மகளே சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து சிறிய முகக்கண்ணாடியை எடுத்து, ஒரு தாளில் எழுதிய எழுத்தின் முன்னால் பிடித்துக் காட்டினார். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு என்று இப்போது தனிப் பயிற்சி இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

பிள்ளைகளுக்கு எழுத்துக் குழம்பும் அந்தக் குறைபாட்டைப் பற்றி அந்த வருடங்களில் பத்திரிகைகளில் நிறைய வந்துகொண்டிருந்தது. பெயர் உள்ள ஒன்று என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் நானே கேட்டேன்.

"ஏட்டி, போர்டுல எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரியா தெரியுது?"

"ஆமாம்மா," என்றாள். வாயில் பிஸ்கட் இருந்தது.

நான் தமிழில் கேட்டேன், அவள் தமிழில் பதில் சொன்னாள். என் தலைக்குள் டீச்சரின் கைப்பைக் கண்ணாடி இருந்தது. அவள் தலைக்குள் இருந்தது வேறு.

ஒரு வீட்டின் மாடியில் நடந்த கற்றல் மையத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த பெண் மனநலம் படித்தவர். அவரும் மலையாளத்தில் அதே கேள்வியைக் கேட்டார், மகள் அதே பதிலைச் சொன்னாள். மூன்று பேர் கேட்டும் பதில் மாறவில்லை என்றால் அது உண்மைதானே. மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுத்துகளை வரையச் சொன்னார்கள். உள்ளங்கை அகலத்துக்கு அட்டை எழுத்துகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். மகள் அதையெல்லாம் தப்பில்லாமல் செய்தாள். செய்ய மாட்டாளா? அத்தனை பெரிய எழுத்து, அத்தனை கிட்டத்தில். நல்ல முன்னேற்றம் என்று அந்தப் பெண் மாதாமாதம் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு, கழக்கூட்டத்துக்கு வண்டி பிடிக்க ஓடுவேன்.

கண்ணைச் சோதித்துப் பார்க்கவில்லையா என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். பள்ளியில் சோதித்தார்கள். வருடா வருடம் நடக்கும் மருத்துவ முகாமில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சுவரில் தொங்கும் அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். வரிசையில் இவளுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் அதே அட்டையை உரக்க வாசித்துவிட்டுப் போனார்கள். இவள் முறை வந்தபோது பாட்டு ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டு வந்துவிட்டாள். ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. அதுதான் செய்ய வேண்டியது என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்குத் தந்த அட்டையில் பார்வை நன்று என்று எழுதியிருந்தது.

மையத்துக்குப் போகத் தொடங்கி நாலைந்து மாதம் இருக்கும். ஒரு நாள் ஹர்த்தால். எதற்காக என்பது மறந்துவிட்டது, அந்த ஊரில் ஹர்த்தாலுக்குக் காரணம் நினைவில் நிற்பதில்லை. பள்ளி இல்லை, பஸ் இல்லை, கடை இல்லை. எங்கள் வளாகம் மட்டும் திறந்திருக்கும். சாலையை மறிக்க ஆள் வருவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்குள் எங்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் கம்பெனி வண்டி. வீட்டில் தனியாக விட முடியாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

என் பக்கத்து இருக்கையில் ஆற்றிங்ஙல்காரப் பெண் ஒருத்தி. வளாகத்துக்குப் பக்கத்திலேயே விடுதியில் இருந்ததால் தன் ஸ்கூட்டரிலேயே வந்திருந்தாள். நான் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் மகளை என் நாற்காலியில் உட்காரவைத்து, மங்கலைச் சோதிக்க நான் எழுதி வைத்திருந்த சிறிய நிரலைத் திறந்து கொடுத்திருந்தாள். திரையில் ஒரு படம், அதன்மேல் என் பலகை, கீழே இழுத்து நகர்த்துகிற ஒரு குமிழ். குமிழை இடது ஓரத்தில் வைத்தால் படம் தெளிவு. வலப்பக்கம் இழுக்க இழுக்கப் பனி படியும். அன்று படத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் எழுத்துகளைப் பின்னால் வைத்திருந்தேன், எந்த அளவில் எழுத்து வாசிக்க முடியாமல் போகிறது என்று பார்ப்பதற்காக.

நான் இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்தபோது மகள் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். குமிழை இடது ஓரத்துக்குத் தள்ளி, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்தாள். பிறகு கையை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டு, வலது கண்ணால் பார்த்தபடி குமிழை இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி இடது ஓரம், மறுபடி கண் மாற்றல். கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். அளவு எடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பொருள்களைச் சமமாக்கிப் பார்க்க நாங்கள் அலுவலகத்தில் செய்வதும் இதேதான். எதை எதோடு சமமாக்குகிறாள் என்பது மட்டும் புரியவில்லை.

"அம்மா, இந்தா, இதுதான் என் இடது கண்ணு," என்றாள்.

ஆற்றிங்ஙல்காரி சிரித்தாள். நான் குமிழ் நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். திரையில் எழுத்துகள் இல்லை. சாம்பல் நிறத்தில் வரி வரியாக ஈரம் படிந்தது போல இருந்தது. மலையாள எழுத்துகள் எல்லாம் வட்டம் வட்டமானவை, மங்கலில் முதலில் கரைந்துபோவது அவைதான். இது என் வேலையில் நானே எழுதி வைத்திருந்த குறிப்பு.

"எப்பவுமே இப்படியா?"

"ஆமா. நான் சொன்னேன்லா."

"எப்பட்டி சொன்னே?"

"கண்ணாடி மாதிரின்னு. பாத்ரூம் ஜன்னல்ல இருக்கும்லா, அந்தக் கண்ணாடி." எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு திரையை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது. நீ செய்யுதியே, இது."

அவள் டீச்சரிடம் மலையாளத்தில் சொன்னபோது, தெரியாத சில்லு என்ற சொல்லுக்குப் பதிலாக வீட்டுச் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டாள். டீச்சருக்கு அது மலையாளச் சொல். அதன் பிறகு எல்லாரும் அந்தச் சொல்லை அவளிடம் திரும்பக் கேட்டார்கள், அவள் ஆமாம் ஆமாம் என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கோப்பைகளை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஆற்றிங்ஙல்காரியிடம், இப்போதே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். சேச்சி, ஹர்த்தால் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில், மகளை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். ஸ்ரீகார்யத்தில் சாலைக்குக் குறுக்கே கல்லும் தென்னை மட்டையும் போட்டிருந்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு, குழந்தைக்குக் கண் தெரியவில்லை என்று ஆற்றிங்ஙல்காரி சொன்னாள். அவர் மகளைப் பார்த்தார். மகளின் கண்ணில் சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை, வலி என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் மூன்று விரலை நீட்டினார்.

"மோளே, இது எத்ரயா?"

"மூணு," என்றாள் மகள், கணக்கு டீச்சரிடம் சொல்வது போல.

"காணாமல்லோ," என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். தெரிகிறதே. உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "நாளெ போயா மதி, சேச்சீ. கண்ணு அவிடெத்தன்னெ இருந்நோளும்."

நாளைக்குப் போனால் போதும், கண் அங்கேயேதான் இருக்கும். ஆற்றிங்ஙல்காரி வாதாடினாள். நான் கெஞ்சினேன், என் மலையாளம் அந்த நேரத்தில் என்னை விட்டுப் போய்விட்டது, தமிழில் கெஞ்சினேன். தமிழர்களை அங்கே சொல்கிற சொல்லால், பாண்டிக்காரியா என்று ஒருவர் கேட்டார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது போல. திரும்பி வந்தோம். ஒரு நாள் தாமதத்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மருத்துவர் பின்னால் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். அந்த மூன்று விரலை நான் இன்னும் பார்க்கிறேன்.

மறுநாள் மருத்துவர் கருவியில் மகளின் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழற்சி, இரண்டு கண்ணிலும், வலது கண்ணில் தூரத்து எழுத்து குழம்பும் அளவுக்கு, இடது கண்ணில் வெகு நாளாக என்றார். வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே நடக்கிற வகை. குழந்தைகள் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் உலகமே அப்படித்தான் என்று இருந்துவிடுவார்கள். இடது கண்ணில் பாவை ஒட்டிக்கொண்டிருக்கிறது, லென்ஸ் வெளுத்திருக்கிறது, அழுத்தம் ஏறி நரம்பையும் தின்றிருக்கிறது.

"இத்ர நாள் நிங்ஙள் எவிடெயாயிருந்நு?" என்றார். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?

நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் கண்ணாடி என்றால், மலையாளத்தில் கண்ணாடி என்றால். அவர் சொட்டு மருந்துகளை எழுதிக்கொண்டே கேட்டார். எழுதி முடித்துவிட்டு, கண்ணாடியோ சில்லோ, யாராவது ஒரு ஆள் இந்தக் கண்ணில் ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்த்திருந்தால் போதுமாயிருந்தது என்றார். நியாயமான பேச்சு. 

ஒரு வருடம் மருந்தும் ஊசியும் அறுவைச் சிகிச்சையுமாகப் போயிற்று. மணிக்கொரு தரம் சொட்டு. மருந்தில் மகளின் முகம் உப்பிப்போய், பள்ளியில் பன் என்று கூப்பிட்டார்கள். வலது கண் தேறியது. இடது கண்ணில் லென்ஸை எடுத்தார்கள், அழுத்தத்தைக் குறைக்க வழி செய்தார்கள், ஆனால் நரம்பு போனது போனதுதான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

என் நிரலில் பலகையை அகற்றிவிட்டால் படம் அப்படியே இருக்கும். அசலை அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மேலே ஒரு நகலைத்தான் மங்கலாக்குகிறோம். அந்த ஒரு வருடமும் வேலைக்குப் போய் உட்கார்ந்து அந்த வரிகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். விட்டுவிடு என்று கணவர் சொன்னார். விட்டால் ஆஸ்பத்திரிக்கு யார் கட்டுவது? அவரும் ஒரு தடவை போனில் சொல்லிவிட்டார், "இத்தன நாளு அந்தப் பிள்ளைய மண்ணுல எழுத விட்டிருக்கியே," என்று. பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார். சொன்னதும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது.

மென்பொருள் வெளிவரும் முன்பு, மங்கல் எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்பில் அபிப்பிராயம் கேட்டார்கள். அன்று மகள் குமிழை நிறுத்திய இடத்தை விட்டு வேண்டுமென்றே வெகுதூரம் தள்ளி ஒரு அளவை வைத்து அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் என்று பதில் வந்தது. கூட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். கடைசியில் வந்து நின்ற இடம் மகள் நிறுத்திய இடத்துக்கு ஒரு விரல் தள்ளித்தான். அழகாக இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். உருவம் இருப்பது தெரிந்து எழுத்து தெரியாமல் போகிற இடம் அது, யார் தேடினாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள், அதில் வியப்பு ஒன்றும் இல்லை. வியப்பு இல்லை என்பதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

பள்ளிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். கண் கலங்கினார். பிறகு, "மோள் தன்னெயல்லே கண்ணாடின்னு பறஞ்ஞது," என்றார். உங்கள் மகள்தானே கண்ணாடி என்று சொன்னாள்.

"எங்க தமிழ்ல அதுக்கு வேற அர்த்தம் டீச்சர்."

"அது எனிக்கெங்ஙனெ அறியும்?"

அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவள் நான், ஜன்னலுக்குச் சொன்னதற்குச் சுவரில் கண்ணாடி மாட்டப்பெற்றவள். ஆனால் பிஸ்கட் தின்கிற பிள்ளையிடம், எந்தக் கண்ணாடி என்று எந்தத் தாய் கேட்பாள்? இதையும் டீச்சரிடம் சொல்லத் தோன்றியது. அதற்குப் பதில், எழுத்துக் குழப்பம் என்று கற்றல் மையம் கொடுத்த சான்றிதழைத் திரும்பக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வகுப்புகளில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று அக்கறையாகச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. கண் போனதற்கு ஒரு சான்றிதழ் வாங்கலாம் என்று அரசு ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் மகளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்னொரு கண் நன்றாக இருப்பதால் இது குறைபாட்டுக் கணக்கில் வராது என்றார்கள். இல்லாத நோய்க்குச் சலுகை உண்டு, போன கண்ணுக்கு இல்லை. சொந்தக்காரர்களும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரு கண்ணோடு போச்சே, அதுக்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லு என்றார்கள். நன்றி சொல்வதற்கு என் பிள்ளையின் கண்தான் கிடைத்ததா என்று ஒரு கல்யாண வீட்டில் கேட்டுவிட்டேன். அதிலிருந்து அந்தப் பக்கத்து விசேஷங்களுக்கு என்னை அழைப்பதில்லை.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று நடக்கிறது. இந்த நோய் போனால் போனது என்று இருக்காது, வலது கண்ணில் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம், வலிக்காமல், சிவக்காமல். அதனால் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தெரியுதா, எவ்வளவு தெரியுது, அந்த போர்டில் என்ன எழுதியிருக்கு. காலையில் ஒரு தடவை, பள்ளிவிட்டு வந்ததும் ஒரு தடவை. தெளிவாத் தெரியுது என்பாள். தெளிவு என்றால் உனக்கு எது என்று கேட்பேன். அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். சாலையில் போகும்போது அவளுக்கு இடப்பக்கமாக நான் நடக்கப் பார்ப்பேன், அந்தப் பக்கம் வண்டி வருவது அவளுக்குத் தெரியாது. அவளும் சட்டென்று மாறி நடப்பாள். தோழிகள் பார்க்கிறார்கள் என்பாள். கையைப் பிடிக்க விடமாட்டாள்.

போன மாதம் சோதனைக்குப் போனபோது மருத்துவர் வலது கண்ணை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். உள்ளே கொஞ்சம் செல்கள் மிதக்கின்றன என்றார். திரும்ப வருவதன் தொடக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொட்டைக் கூட்டுவோம், ஒரு வாரத்தில் வாருங்கள். மகள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். நான் மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன்.

பாவையை விரிக்கும் மருந்து விட்டிருந்ததால் வெளியே வந்ததும் வெயில் தாங்காமல் முகத்தை மூடிக்கொண்டாள். நடைபாதை விளிம்பு தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் கூட்டத்துக்குப் பயந்து மியூசியம் வளாகத்துக்குள் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கொண்டுவந்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். எதிரே போகிறவர்களைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குடை பிடித்துக்கொண்டு ஓடுகிறவர், பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடுகிறவர். போதும்மா என்றாள், ஆனால் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தவர்கள் வெயில் சாய்கிற வரை அங்கேயே இருந்தோம். அவ்வளவு நேரம் அவள் என் கையைப் பிடித்திருந்தது அவளுக்கு ஆறு வயதுக்குப் பிறகு அன்றுதான்.

மாலையில் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வளைவில் ஒரு பஸ் திரும்பியது. முகப்புப் பலகை எனக்கே இன்னும் வாசிக்க வரவில்லை, எனக்கும் வயதாகிறது. அவள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள், என் கையை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்று, தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.